பாட்டுப் பெட்டி நின்ற பக்கம்

லாக்லன் மெக்ஃபீயை எந்த லட்சணத்தைப் பார்த்துக் கடற்படையில் சேர்த்தார்களோ, எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எங்கள் 'லேடி சாண்டா'வில் அவன் அக்கார்டியன் என்கிற துருத்திப் பெட்டி வாசிப்பவன். கிளைட் கழிமுகக் கரை ஊர்களுக்கு ஆளேற்றிப் போகும் நீராவிக் கப்பல் அது. இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம். எங்கேயாவது கடல்நாய் தலைகாட்டினால் போதும், சனம் மொத்தமும் ஒரே பக்கம் சாயும். மறுபக்கச் சக்கரம் தண்ணீரை விட்டு எழும்பிக் காற்றில் சுற்றும். கப்பல் கோணிக்கொண்டு போகும். கத்தினால் எவன் நகர்வான்?

"லாக்லன், அந்தப் பக்கம் போடா!" என்பார் கேப்டன் மெக்கெல்லர்.

இவன் ஆளில்லாத பக்கம் போய் ஒரு ஆட்டப் பாட்டை எடுத்துவிடுவான். சனம் பின்னாலேயே போகும்.

சண்டை வந்தது. கப்பலுக்குச் சாம்பல் பூச்சு, ஒரு பீரங்கி, கடலில் கண்ணிவெடி வாரும் வேலை. லாக்லன் கையில் கரி அள்ளும் மண்வாரியைக் கொடுத்தார்கள். பெட்டியை மட்டும் படுக்கைக்கடியில் வைத்திருந்தான்.

டன்கிர்க் கரையில் விமானக் குண்டுவீச்சில் சிக்கிக் கிடந்த சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். வெடி வாரிய வழி ஒரு சந்து அகலம்தான். வலப்பக்கம் இங்கிலாந்துக் கரை வெள்ளையாய்த் தெரிந்ததும் ஒருவன் "ஊர்டா!" என்றான். அவ்வளவுதான், தளமே அந்தப் பக்கம் பாய்ந்தது. இடது சக்கரம் மேலே வந்துவிட்டது. கப்பல் வாராத வெடிகளை நோக்கித் திரும்பியது.

"தள்ளிப் போங்கடா, செத்துருவோம்!" என்று கத்தினோம். ஊரைப் பார்த்தவன் காதில் அது ஏறுமா?

கரிமுகத்தோடு லாக்லன் ஏறிவந்து இடப்பக்கம் நின்று வாசித்தான். முதலில் ஒருவன் திரும்பினான். பிறகு பத்துப் பேர். பிறகு மொத்தமும்.

"டேய், எல்லாரும் வந்துட்டானுங்க! நடுவுல வாடா!" என்று கேப்டன் அலறினார்.

நடுவில் வந்து நின்றான். கப்பல் நிமிர்ந்தது. வீட்டை விட்டுவிட்டு ஒரு ஆட்டப் பாட்டுக்கு ஏன் திரும்பினார்கள்? அதுதான் எனக்குப் புரியாத அதிசயம்.

துறைமுகத்தில் எல்லோரும் இறங்கினார்கள், ஒரு இளஞ்சிப்பாய் தவிர.

"ஊர் வந்தாச்சு தம்பி," என்றான் லாக்லன்.

"நிறுத்தாதீங்கண்ணே. நிறுத்துனா பிளேன் சத்தம் கேக்குது."

வானத்தில் ஒன்றுமே இல்லை. நாங்களோ உடனே டன்கிர்க்குக்குத் திரும்ப வேண்டும். லாக்லன் பெட்டியைக் கழற்றி அவன் தோளில் மாட்டினான்.

"எனக்கு வாசிக்கத் தெரியாதேண்ணே."

"தெரிய வேணாம். சத்தம் வந்தாப் போதும்."

"அடுத்த நடைக்கு என்னடா பண்ணுவே?" என்றேன் லாக்லனிடம்.

"பாடுவேன்."

அந்தப் பையனை இறக்கிவிட்டுக் கரையை விட்டு விலகினோம். அவன் பெட்டியை இழுத்து இழுத்து அமுக்கிக்கொண்டிருந்த அந்தத் தாறுமாறான சத்தம் வெகுதூரம்வரை கேட்டது. என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.