சாரி செல்வி

மரக்காணம் உப்பளத்தில் ஆரோக்கியசெல்வி என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. சாரி செல்வி என்றால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடுவார்கள். ஆட்டை மிதித்தாலும் சாரி. பஸ்ஸில் வேறொருவர் இவள் காலை மிதித்தாலும் இவள்தான் சாரி. சாவு வீட்டுக்குப் போய், படுத்துக் கிடக்கிறவரிடமே சாரி சொன்ன மகராசி. அந்த வார்த்தைக்கு இவள் வாயில் அர்த்தம் என்று ஒன்று இருந்ததா என்பதே சந்தேகம். தும்மல் மாதிரி அது பாட்டுக்கு வரும்.

வேலையில் அவளுக்கு ஜோடி ராசம்மாள். உப்புக் கூடையை ஒருத்தியே தலைக்கு ஏற்ற முடியாது, எதிரில் நின்று ஒருத்தி தூக்கிவிட வேண்டும். பல வருஷமாக இவளுக்கு அவள், அவளுக்கு இவள். ராசம்மாள் கீழ்புத்துப்பட்டு கோயிலுக்கு ஆடி விரதம் இருந்தாள். கவுச்சியே தொடுவதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தாள். ஒரு மத்தியானம் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து அவள் கஞ்சிக்குக் கருவாடு கடித்ததைச் செல்வி பார்த்துத் தொலைத்தாள். பார்த்தவள் சும்மா இருந்தாளா, பாவி. சாயங்காலத்துக்குள் அளம் முழுக்கப் பரப்பிவிட்டாள்.

மறுநாள் காலையில், “சாரிடி” என்றாள்.

“போடி. ஆட்டுக்குச் சொன்னதத்தானே எனக்கும் சொல்ற? வேற வார்த்தை இருந்தா எடுத்துனு வா” என்றாள் ராசம்மாள். அன்றே வேறு ஜோடி பார்த்துக்கொண்டாள்.

செல்விக்குக் கூடை தூக்கிவிட ஆளில்லை. அரைக்கூடை அரைக்கூடையாகச் சுமந்தாள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். கஞ்சி குடிக்கும்போது பேச ராசம்மாள் இல்லாததுதான் அவளைக் கொன்றது. திங்கட்கிழமை, வழியெல்லாம் ‘மன்னிச்சிடு’ என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். ராசம்மாள் எதிரில் நின்றதும் வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. ‘சா’ என்று ஆரம்பித்துப் பயந்துபோய் முழுங்கினாள்.

சட்டென்று திரும்பி, அளத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி கத்தினாள். “ராசம்மா மேல தப்பு இல்ல. வேணாம் வேணாம்னவ வாயில நாந்தான் கருவாட்டத் திணிச்சேன். விரதம் கெட்டது என்னாலதான்.”

எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேஸ்திரி சுப்ராயன் பிடித்துக்கொண்டார். “ஏம்மா, சாமி விஷயத்துல வெளையாடுவியா? அறிவு இருக்குதா உனக்கு?” செல்வி தலையைக் குனிந்து அத்தனை ஏச்சையும் வாங்கிக்கொண்டாள். ஒரு சாரிகூடச் சொல்லவில்லை.

ராசம்மாளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“மேஸ்திரி, அவள ஏன் திட்டுறீங்க? பொய் சொல்றா அவ. யாரும் ஊட்டல. நானேதான் தின்னேன். முந்தின நாளும் தின்னேன்.”