வெண்ணெயில் விட்டுப்போன கன்று

லவோன் வருடம் முழுக்கப் பள்ளிப் பேருந்து ஓட்டுவாள்; ஆகஸ்டில் மட்டும் வெண்ணெயில் மாடு செய்வாள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பக்கத்துக் கண்காட்சிகளில் வெண்ணெய் மாடு இல்லாமல் கூட்டம் சேராது. கண்ணாடி போட்ட குளிர் அறைக்குள், கம்பளிக் கோட்டோடு நின்று, மரச்சட்டத்தின்மேல் போன வருடத்து வெண்ணெயைப் பிசைந்து அப்புவாள். வெளியே ஜனங்கள் வியர்க்க வியர்க்க நின்று பார்ப்பார்கள். மாட்டின் முன்னால் ஒரு கன்றும் நிற்கும். அது வழக்கம்.

அந்த வருடம் அவள் கன்று செய்யவில்லை.

தம்பி டெல்மரின் பண்ணையில் காலைக் கறவைக்கு அவளும் கைகொடுப்பாள். வசந்தத்தில் அங்கே ஒரு பசு ஈன்றது. எல்லாப் பண்ணையிலும் நடப்பதுதான்: ஈரம் காயுமுன் கன்றைப் பிரித்துவிட்டார்கள். காளைக்கன்று; சந்தைக்குப் போய்விட்டது. மற்ற மாடுகள் கொஞ்சம் கத்திவிட்டு அடங்கிவிடும். இது அடங்கவில்லை. தொண்டை கட்டிப்போய், சத்தமே வராமல், வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கத்தல் கேட்டவரை டெல்மர் ரேடியோவைக் கூட்டி வைத்திருந்தான். லவோன் தன் பாட்டுக்குக் கறந்தாள். பால் விற்றால்தான் அவன் வீட்டில் அடுப்பெரியும். வாயால் சொல்ல முடியாததை வெண்ணெயில் செய்துவிடலாம், தம்பி ஒருத்தன் பார்த்தால் போதும் என்று நினைத்தாள்.

அப்படித்தான் கழுத்தை வளைத்து, நாக்கை நீட்டி, வெறும் வைக்கோலை நக்கப்போகும் அந்த மாடு வந்தது.

பார்த்தவர்கள் பாவம் என்றார்கள். வயசாகிவிட்டது, வெண்ணெய் போதவில்லை என்று அவர்களாகவே முடிவுகட்டினார்கள். கண்காட்சித் தலைவர் வெண்டல் மறுநாளே இரண்டு வாளி வெண்ணெயோடு வந்து நின்றார்.

"பத்தலேன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பிள்ளைங்க கன்னுக்குட்டி எங்கேன்னு கேக்குதுங்க. ராட்டினம் சுத்தப் போயிருக்குன்னா சொல்றது?"

வேண்டுமென்றுதான் விட்டேன் என்றாள் லவோன். ஏன் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். அவர் சிரித்துக்கொண்டே வாளி மூடிகளைத் திறந்து வைத்துவிட்டுப் போனார். கோபத்தோடு வந்திருந்தால் பதில் சொல்லலாம். இரக்கத்தோடு வந்தவரை என்ன செய்வது?

சாயங்காலம் டெல்மர் வந்தான். கண்ணாடியில் மூச்சு படியும்படி நின்றான். லவோன் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"நம்ம மாடுதானேக்கா?"

"ஆமாண்டா."

அவன் தொப்பியைக் கழற்றி மறுபடியும் போட்டுக்கொண்டான். "கன்னை வெச்சிடு. காலைல கறக்கப் போறப்ப நான் அந்த மாட்டு மூஞ்சியிலதான் முழிக்கணும்."

ஒருத்தன் பார்த்துவிட்டான். அவள் கேட்டது அவ்வளவுதான். ஆனால் பார்த்தவனின் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. அன்றே கன்றைச் செய்தாள். மாட்டின் நாக்கு அதன் நெற்றியில் பட்டது. ஜனங்கள் கைதட்டினார்கள்.

கண்காட்சி முடிந்ததும் வெண்ணெயைச் சுரண்டி அடுத்த வருடத்துக்கு வாளிகளில் அடைப்பார்கள். முன்னால் நிற்கும் கன்றை எடுத்தால்தான் மாட்டின் பக்கம் போகத் தோது. உதவிக்கு வந்த வெண்டல் கன்றின் கழுத்தில் கரண்டியை வைத்தார். லவோன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"மொதல்ல பெரிசு."

"வழியை மறிச்சிட்டு நிக்குதேம்மா."

"நிக்கட்டும்."

சுவரோரமாக உடம்பைக் குறுக்கி உள்ளே நுழைந்து, மாட்டின் முதுகிலிருந்து தொடங்கினாள். சட்டம் தெரியத் தெரியக் கழுத்துவரை வந்தாள். கன்றின் நெற்றியில் பட்டிருந்த நாக்கைக் கடைசியாகச் சுரண்டினாள்.