பதினான்கு பூஜ்யங்கள்

இரண்டு ஓரமும் துளையிட்ட அந்த நீளக் காகிதத்தில், ஒரே வரிசையில் பதினான்கு பூஜ்யங்கள் அச்சாகியிருந்தன. முதலாளியின் மேஜையில் அதை விரித்து வைத்தவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புச் சட்டங்கள் செய்யும் எங்கள் கம்பெனிக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. எந்த வேலைக்கு எத்தனை ஆள், எத்தனை நாள், கூலி எவ்வளவு என்று மதிப்பீடு போடும் சாப்ட்வேரை ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

பட்டறையில் பிசிறு தட்டுகிற அக்கா ஒருவர் இருந்தார். வெல்டிங் முடிந்த சட்டத்தைச் சுத்தியலால் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பெயிண்டுக்கு அனுப்புவது அவர் வேலை. கணவர் இல்லை. மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். திருமுல்லைவாயிலிலிருந்து நடந்தே வருவார். கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்ப்பார்.

"இன்னா நைனா, அல்லார் பேரும் பொட்டிக்குள்ள கீதாமே, என் பேரு கீதா?"

"கீதுக்கா" என்பேன், அவர் பாஷையிலேயே. வாயெல்லாம் பல்லாகப் போவார்.

பேர் இருந்தது என்னவோ உண்மை. ஆனால் ஒரு சட்டத்துக்கு அவர் வேலை அரை நாளுக்குச் சற்றுக் குறைவு. வாரத்துக்குப் பதினான்கு சட்டங்கள். சேர்த்துப் பார்த்தால் வாரம் முழுக்க அவருக்கு இடுப்பொடியும் வேலை. நான்தான் புள்ளிக்குப் பின்னால் எண்கள் வந்தால் பார்க்க அசிங்கமாக இருக்கிறதென்று முழு நாளாக மாற்றி வைத்திருந்தேன். அரை நாளுக்குக் குறைந்ததெல்லாம் பூஜ்யமானது. பூஜ்யத்தைப் பதினான்கு முறை கூட்டினாலும் பூஜ்யம்தானே!

"இந்த அம்மாவுக்கு இங்க வேலையே இல்லியேப்பா" என்றார் மேனேஜர். ஓர் ஆள் கூலியை மிச்சம் பிடித்தேன் என்று முதலாளி என் தோளைத் தட்டினார். சனிக்கிழமையோடு அக்காவை நிறுத்துவதாக முடிவானது.

வெள்ளிக்கிழமையே எனக்குப் பொறி தட்டிவிட்டது. சரிசெய்ய இரண்டு நிமிடம் போதும். ஆனால், தப்பு என்னுடையது என்று முதலாளியிடம் சொல்ல வேண்டும். தட்டிக்கொடுத்த கையே பிடித்துத் தள்ளுமோ என்று பயம். வாயைத் திறக்கவில்லை. கோழைத்தனம் என்பதைத் தவிர அதற்கு வேறு பெயர் கிடையாது.

சனிக்கிழமை அவர் வந்து நின்றார். "கீதுன்னு சொன்னியே நைனா?"

"கணக்கு அப்படி வந்துடுச்சுக்கா" என்றேன்.

மறுமாதமே பெயிண்ட் உரிந்து சட்டங்கள் திரும்பி வந்தன. பிசிறு தட்டப் புது ஆள் போட்டார்கள். நான் சத்தமில்லாமல் புள்ளிகளைத் திரும்பக் கொண்டுவந்தேன். எவரும் ஒன்றும் கேட்கவில்லை.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். அன்றைய மௌனத்துக்காவது இளவயது, வேலை போகும் பயம் என்று சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். அதற்கு ஒரு வருடம் கழித்து ஆவடி ஸ்டேஷனில் நடந்ததற்கு ஒரு சாக்கும் கிடைக்கவில்லை. அக்கா அங்கே மகளோடு நின்றிருந்தார். படிப்பை நிறுத்திவிட்டுத் துணிக் கம்பெனிக்குப் போகிறாளாம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன் மேல எனக்கு இன்னா கோவம் நைனா? பொட்டி தப்பா சொன்னா நீ இன்னா பண்ணுவே?"

மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாக்கா" என்றேன்.