குண்டு இல்லை என்று எழுதிய பலகை

நஸீறா டீச்சர் மௌத்தான செய்தி வந்தபோது நான் கல்முனை பஸ் நிலையத்தில் கச்சான் கடலை வாங்கிக்கொண்டு நின்றேன். எங்களோடு படிப்பித்த சிநேகிதி ஒருத்திதான் தொலைபேசியில் சொன்னாள். காலையில் நெஞ்சு நோவாம், அஸர் தொழுகைக்கு அடக்கமாம். கச்சான் கடதாசிச் சரையை எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

அவரிடம் படித்த உங்களுக்கெல்லாம் அவர் கணித ஆசிரியர், கொஞ்சம் கோபக்காரி. எனக்கு அவர், மின்சுற்றுப் பலகை வரைய என்னோடு சேர்ந்து கற்றவர். இருவருக்கும் அதில் ஆனா ஆவன்னாவும் தெரியாது. பொழுதுபோக்கு என்றுதான் வெளியில் சொன்னோம்.

உண்மைக் காரணம் ஹாஜறா. டீச்சரின் தங்கை, பிறவியிலேயே காது கேளாதவள். சுனாமியன்று ஊரே கத்திக்கொண்டு ஓட, அவள் முற்றத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். டீச்சர் திரும்பி ஓடிவந்து இழுத்துப்போனதால் தப்பினாள். அதன்பிறகு அக்காவின் முந்தானையைக் கையில் கட்டிக்கொள்ளாமல் அவள் கண்மூடியதில்லை. டீச்சரும் ஓர் இரவுகூட வெளியூரில் தங்கியதில்லை.

வாசல் படலையில் ஒரு பொத்தான், தலையணைக்கடியில் அதிரும் சிறு மோட்டார். தெருவில் ஓடும் எவரும் அமத்தினால் ஹாஜறா எழும்புவாள். இதுதான் திட்டம். கம்பிகளை முறுக்கிச் செய்த முதல் கருவி அவள் புரண்டு படுத்ததும் அறுந்தது. அப்போதுதான் இணையத்தில் இலவசமாகக் கிடைத்த, யாரும் திறந்து பார்த்துத் திருத்தக்கூடிய ஒரு வரைமென்பொருளை சீடி இறுவட்டில் பதிந்து கொண்டுவந்தோம். கணினியில் அழகாக வரைந்தோம். அச்சுப்பொறி படத்தைச் சுருக்கிவிட்டது தெரியாமல் தாளைச் செம்புத் தகட்டில் வைத்துச் சூடாகத் தேய்த்து, துளையும் போட்டுவிட்டோம். மோட்டாரை இயக்கும் மின்சில்லின் கால்கள் ஒரு துளைக்குள்ளும் இறங்கவில்லை. "படம் வடிவா இருந்து என்னத்துக்குகா, கால் இறங்கணுமே" என்றார். பிறகு வகுப்பிலும் அதையே சொல்லத் தொடங்கினார். கேட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள்.

அடுத்த பலகையை என் வீட்டில் ஈயம் உருக்கிப் பற்றவைக்க பஸ்ஸில் கொண்டுபோனோம். யுத்தகாலம். சோதனைச் சாவடியில் வில்லங்கம் வேண்டாம் என்று, செம்பிலேயே சிங்களத்தில் 'இது குண்டு இல்லை' என்று கோடுகோடாக வரைந்திருந்தார். பையைத் திறந்த பெண் சிப்பாய் 'குண்டு' என்ற சொல்லைத்தான் கண்டாள். பஸ்ஸையே வெறுமையாக்கிவிட்டார்கள். டீச்சர் உடைந்த சிங்களத்தில் தங்கையின் கதையைச் சொல்லி, மோட்டாரைப் பற்றரியில் தொடுத்து அந்தச் சிப்பாய்ப் பிள்ளையின் உள்ளங்கையில் வைத்தார். அவள் முகம் மாறியது. ஒன்றும் எழுதாமல் கொண்டுவந்திருந்தால் பார்த்துவிட்டு விட்டிருப்பேன் என்று சிரித்தாள்.

திரும்பும்போது டீச்சர் சொன்னார்: "இனி இல்லாததை எழுதக்கூடாதுகா. இருக்கிறத எழுதுவம்." அடுத்த பலகையில் அந்த இடத்தில் ஹாஜறாவின் பெயர் இருந்தது. அதுதான் வேலைசெய்தது. யுத்தம் முடிந்த வருடம் டீச்சர் முதன்முறையாக ஒரு பயிற்சிக்குக் கண்டிக்குப் போய் இரண்டு இரவு தங்கினார். ஹாஜறா நன்றாகத் தூங்கினாளாம். "எனக்குத்தான்கா நித்திரை வரல்ல" என்றார். அன்றுமுதல் வீட்டுக்கு வரும்போதெல்லாம், படலை திறந்திருந்தாலும், வந்தது தான்தான் என்று தங்கைக்குத் தெரிய, நீளமாக ஒருமுறை, சின்னதாக ஒருமுறை அமத்திவிட்டுத்தான் உள்ளே போவார்.

அடக்கம் முடிந்து சனம் கலைந்தபின் ஹாஜறா என்னைப் படலைக்கு இழுத்துப்போனாள். என் விரலைப் பொத்தானில் வைத்து, நீளமாக, சின்னதாக என்று சைகை காட்டிவிட்டு, உள்ளே ஓடித் தலையணையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டாள்.

அமத்தினேன்.

குண்டு இல்லை என்று எழுதிய பலகை இன்னும் என் மேசையில் இருக்கிறது. அது டீச்சர் எனக்குத் தந்தது. இப்போது பள்ளிக்கூடம் விட்டதும் சாய்ந்தமருதில், ஹாஜறாவின் வீட்டடியில் இறங்கி, நீளமாக ஒருமுறை, சின்னதாக ஒருமுறை அமத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். அந்த வழக்கம் ஹாஜறா தந்தது.