காதைத் தொட்ட கை

எந்த வாசலில் நுழைந்தாலும் ஏஞ்சல் அதன் இரண்டு பக்கத்தையும் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போவாள். இடது நிலையில் விரல் முட்டியால் ஒரு தட்டு. வலது நிலையில் ஒரு தட்டு. கம்பெனி கேட், கேன்டீன், கும்மிடிப்பூண்டி லோக்கலில் லேடீஸ் பெட்டி, எதுவானாலும் சரி. பின்னால் வருகிறவர்கள் அவள் முதுகில் இடித்துக்கொண்டு நிற்பார்கள். "இன்னாமே, வாசல அளந்து வாங்கப் போறியா?" என்று யாராவது கத்துவார்கள். அவள் திரும்ப மாட்டாள். கோல் கம்பம் எங்கே இருக்கிறதென்று கோல்கீப்பரின் முதுகுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் தொட அவள் கையை விரிக்கக்கூட வேண்டாம். அவ்வளவு நீளம்.

சிப்காட்டில் தண்ணீர் பாட்டிலுக்கு மூடி செய்யும் கம்பெனியில் வேலை. பெல்ட்டில் ஓடிவரும் மூடிகளில் விளிம்பு பிசகியதை எடுத்து எறிய வேண்டும். மற்றவர்கள் எடுத்துப் போடுவார்கள். இவள் பாய்ந்து பிடுங்கி, கூடைக்குள் அறைவாள். "மெதுவா தாய்லாந்து, அது உன்ன இன்னா பண்ணிச்சி?" என்பாள் பக்கத்து ஸ்டூல் செண்பகம்.

கம்பெனியில் அவளுக்குப் பெயர் தாய்லாந்து. "தாய்லாந்து, சாப்ட்டியா?" "தாய்லாந்துக்கு ஓவர்டைம் வேணுமாம்." கேலிக்கு வைத்த பெயர். அவள் அந்த நாட்டுக்குப் போனதில்லை. போக முடியாமல் போனதால் வந்த பெயர் அது.

பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான உலகக் கால்பந்துப் போட்டி முதல்முறையாக 2002இல் கனடாவில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் கனடாப் பெண்கள் சொந்த மண்ணில் அமெரிக்காவிடம் ஒரே கோலில் தோற்றார்கள். பார்க்க வந்தவர்கள் நாற்பத்தேழாயிரத்துக்கும் மேல். பொன்னேரி பிரௌசிங் சென்டரில் அதைப் படித்துவிட்டு வந்து ஏஞ்சல் சொன்னது: "பொட்டப்புள்ளைங்க ஆடறத பாக்க அம்மாம் பேரு! நம்ம கிரவுண்டுல நாலு நாயி நிக்கும். அதுவும் கொலைச்சிக்கினு."

அடுத்த போட்டி 2004இல் தாய்லாந்தில் என்று அறிவித்தார்கள். அதற்குப் போக முதலில் ஆசியத் தகுதிச் சுற்று, அதற்கு இந்திய அணி, அந்த அணிக்கு ஆள் எடுக்க மாநில முகாம். ஏஞ்சல் கால் வைத்தது அந்த அடிப்படியில். முகாமில் தன்னைத் தாண்டி ஒரு பந்தும் போகவில்லை என்று அவள் பீற்றிக்கொள்வதில்லை. "ரெண்டு உட்டேன். ரெண்டும் வெயிலு கண்ணுல அடிச்சப்போ."

கடைசி நாளில், கழுத்தில் விசில் தொங்கிய ஒரு பெரிய மனிதர் அவளைக் கூப்பிட்டார். எண்பத்தைந்து ஜனவரிக்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அந்தப் போட்டியில் இடமில்லை. ஏஞ்சலின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த நாள் எண்பத்து நான்கு, ஜூன் ஒன்று.

"நல்ல கைம்மா. ஆனா வயசு ஓடிப்போச்சே."

"சார், நான் பொறந்தது எண்பத்தஞ்சு பிப்ரவரி சார். கோயில்ல ஞானஸ்நானம் குடுத்தப்போ எழுதி வெச்சிக்கிறாங்க. வந்து பாருங்க சார்."

"கோயில் கணக்கு கர்த்தருக்கும்மா. நமக்கு ஸ்கூல் கணக்குதான்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதில் இன்னொரு கோல்கீப்பரும் இருந்தாள். காலேஜ் கடைசி வருஷம். தன் நிஜ வயது இருபத்தொன்று என்று முந்தின நாள்தான் ஏஞ்சலிடம் ரகசியமாகச் சொல்லியிருந்தாள். அவளுடைய சான்றிதழ் புத்தம்புதிது. அவளை எடுத்துக்கொண்டார்கள். "வயச கொறச்சி வாங்கினவ உள்ள. வயச ஏத்தி உட்டதுல மாட்டிக்கினவ வெளிய. நான் இன்னா பேசறது, நீயே சொல்லு!" ஐந்து வருஷம் கழித்தும் இதைச் சொல்லும்போது ஏஞ்சலின் கழுத்து நரம்பு புடைக்கிறது.

ஜூன் ஒன்று அவளுக்கு மட்டுமல்ல. அந்தக் காலனியில் வீட்டுக்கு இரண்டு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள். அம்மாக்கள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போன ஊர் அது. பிறந்த தேதி கேட்டால், "அந்தப் புயலடிச்ச வருசம் சார்" என்பார்கள். வாத்தியாருக்கு ஒரே ஒரு அளவுகோல்தான். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து முடிந்தது. பேரேட்டில் ஜூன் ஒன்று என்று ஏறிவிடும். ஏஞ்சல் நான்கு வயதிலேயே தொட்டாள். "இந்தப் பாழாப்போன கைதான். நீளமா வளந்துகினு போயி காத தொட்டுட்சி," என்று தன் கையையே அடித்துக்கொள்வாள். பந்தைப் பிடித்த கைதான் அவளை வெளியேயும் தள்ளியது.

2006இல் ரஷ்யாவில் நடந்தபோது வரம்பை இருபது வயதாக்கினார்கள். அதற்குள் அவளுக்கு நிஜ வயதே தாண்டிவிட்டது. இந்த வருஷம், 2008இல், சிலியில் நடக்கப்போகிறது. நியூசிலாந்தில் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கென்று தனியாக ஒன்றைத் தொடங்குகிறார்கள். இந்த ஊர்களின் பெயரை எல்லாம், கல்யாணத்துக்குக் கூப்பிடாத சொந்தக்காரர்கள் பெயரைச் சொல்வதுபோலத்தான் அவள் சொல்கிறாள்.

மிச்சம் இருந்தது சாயங்காலம். மூடிக் கம்பெனியில் முதல் ஷிப்ட் விட்டதும், ரயில் பாதையை ஒட்டிய திடலில் மில் பையன்களோடு ஆடுவாள். முதலில் சிரித்தார்கள். இப்போது அவள் வராமல் ஆட்டத்தை ஆரம்பிப்பதில்லை. அந்த இரண்டு மணி நேரத்தில் மட்டும் யாரும் அவளைத் தாய்லாந்து என்று கூப்பிடுவதில்லை. "கீப்பர்!" என்றுதான் கத்துகிறார்கள்.

இந்த ஜூனில் அதுவும் போயிற்று.

அக்கா கிரேஸின் வீட்டில்தான் ஏஞ்சல் இருக்கிறாள். அக்கா புருஷன் லோகு லாரியோடு பாதி நாள் ஆந்திராவில். கிரேஸுக்கு அந்த வாரம்தான் இறால் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மகள் ரூத்துக்கு ஐந்து முடிய இன்னும் நாலு மாதம். பால்வாடி டீச்சர் வருகிற நாளைவிட வராத நாளே அதிகம். பள்ளியில் சேர்த்துவிட்டால் வேலைக்குப் போகலாம். பிறப்புச் சான்றிதழ் கேட்டு யாரும் ஆபீஸ் பக்கம் போயிருக்கவில்லை. தலைமை ஆசிரியர் பரசுராமன் நல்ல மனிதர். உதவி செய்ய ஆசைப்பட்டார்.

"சர்டிபிகேட் இல்லாட்டி போவட்டும்மா. ஜூன் ஒண்ணு போட்டுக்கலாம். பாப்பா, கைய இப்டி வெச்சிக் காத தொடு பாக்கலாம்."

ரூத் கையை வளைத்தாள். விரல் நுனி காதுக்கு மேலே முடியில் துழாவியது. கிரேஸ் மெல்லத் தன் உள்ளங்கையைக் குழந்தையின் தலையில் வைத்து, காதைக் கைப்பக்கம் சாய்த்தாள்.

வாசலில் நின்றிருந்த ஏஞ்சல் இரண்டே எட்டில் வந்தாள். குழந்தையின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். அக்காவின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. பாய்ந்ததெல்லாம் தலைமை ஆசிரியர் மேல்தான்.

"அது பொறந்தது அக்டோபரு சார். ஜூன் ஒண்ணு போட நீங்க யாரு சார்? உங்க புள்ளைக்குப் போட்டுக்கினீங்களா?"

"ஏம்மா, நாலு மாசம்தானே? இதுல இன்னா குடி முழுகிப் போவுது?"

"எனக்கு எட்டு மாசம் சார். முழுகிப் போயி நிக்கறேன் பாருங்க."

வெளியே வேப்பமரத்தடியில் கிரேஸ் வெடித்தாள். "பெரிய நாயம் பேசற! வேலய உட்டுட்டு நான் ஊட்ல குந்திக்கவா? யாருடி பாத்துப்பா இவள?"

"நான் பாத்துக்கறேன். நீ ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாங்கிக்கோ. நான் செகண்ட் ஷிப்ட் கேட்டுக்கறேன்."

"உன் ஆட்டம்?"

"இன்னா ஆட்டம்? எவன் கூப்பிடப் போறான் என்ன? நட!"

அவ்வளவுதான். இப்போது காலையில் ரூத்துக்கு நாஷ்டா கொடுத்து, குளிப்பாட்டி, மதியம் கிரேஸ் திரும்பும்வரை அவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, மூடிக் கம்பெனி வாசலை இரண்டு தட்டுத் தட்டி உள்ளே போகிறாள். சாயங்காலம் திடலில் மில் பையன்கள் ஆளுக்குப் பத்து நிமிஷம் கோலில் நிற்கிறார்கள். கோல் மழையாகப் பொழிகிறது. கம்பெனியில் மூடிகள் முன்னைவிடப் பலமாகக் கூடைக்குள் விழுகின்றன. பள்ளிக்கூடத்தை, விசில்காரரை, கோயில் கணக்கைக் கேட்டுச் சிரித்தவர்களை, தன் கையை, எல்லாவற்றையும் திட்டியபடிதான் அவள் வேலை செய்கிறாள்.

ஏஞ்சலின் அந்தக் கை நான்கு வயதில் காதை எட்டவே இல்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மீஞ்சூர் ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது கிரேஸே என்னிடம் சொன்னாள். தங்கையைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப் போனவள் ஒன்பது வயது கிரேஸ். அம்மா நடவுக்குப் போயிருந்தாள். தங்கை வீட்டில் இருந்தால், பார்த்துக்கொள்ளக் கிரேஸ் பள்ளியை விட்டு நிற்க வேண்டும். ஒரு விரல் அளவு எட்டவில்லை. வாத்தியார் திரும்பிய நேரத்தில் அவள் தங்கையின் தலையைச் சாய்த்துவிட்டாள்.

"முகாம்லேந்து திரும்பி வந்த அன்னிக்கே, நீதான் தலைய சாச்சியான்னு என்னாண்ட கேட்டா. ஆமாடின்னேன். அதுக்கப்புறம் ஒருத்தர உடாம திட்டறா. என்ன மட்டும் ஒரு வார்த்த சொன்னதில்ல."