பன்னிரண்டாவது பிரசவம்

அந்தத் தெருவில் நர்ஸம்மாவுக்கு வேறொரு பெயர் உண்டு: ரெண்டுபோதும். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு, வேலைக்கு வந்த புதிதில், வீடு வீடாக ஏறி அவர் பேசிய ஒரே வசனம் அதுதான். கூடவே ஒவ்வொரு கதவு நிலையிலும், வீட்டிலிருக்கும் குழந்தைக்கு ஒன்று வீதம் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுவார். இனி வேண்டாம் என்று அந்த வீடு முடிவெடுத்தால் கீழே ஒரு கோடு. பத்து வருடத்தில் தெரு முழுக்கக் கோடுகள். மேலிடம் சான்றிதழ் கொடுத்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தன் சுகாதார நிலையத்தின் பிரசவ அறையிலேயே மாட்டினார். வலியில் கத்துகிறவள் கண்ணைத் திறந்தால் நேரே அதுதான் தெரியும்.

இப்போது அதே மேலிடம் வேறு கடிதம் அனுப்பியிருந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு பிரசவமாவது நடக்காவிட்டால் பிரசவ அறை மூடப்படும். நர்ஸ் வேறு ஊருக்கு மாற்றப்படுவார். நர்ஸம்மா ஓய்வுபெற ஒரே வருடம்தான் பாக்கி. பதிவேட்டைப் புரட்டினார். பதினொன்று. தெருவில் மிச்சமிருந்த ஒரே கர்ப்பிணி, தையற்காரம்மாவின் கடைசி மருமகள்.

வந்த காரியத்தைச் சொன்னதும் தையற்காரம்மாவின் மெஷின் நின்றது.

"அன்னிக்குப் பெத்துக்காதேன்னு படியேறின. இன்னிக்கு எங்கிட்ட வந்து பெத்துக்கோங்கன்னு படியேறுற. வெக்கமா இல்ல?"

"கொஞ்சம் இருக்குக்கா."

மருமகளோ, ஆறு மாடி ஆஸ்பத்திரியில் தனி அறைக்கு எப்போதோ சொல்லி வைத்துவிட்டாள். அடுத்த குழந்தைக்காவது இங்கே வரலாமே என்று நர்ஸம்மா இழுத்தார். அடுத்ததா, இந்த ஒன்றுக்கே ஆபீஸில் ஒரு வருடம் யோசித்துத்தான் லீவு கேட்டேன் என்று அவள் சிரித்துவிட்டு உள்ளே போனாள்.

"எல்லாரும் என் பேச்சைக் கேட்டதுதான் வினையாப் போச்சு," என்றார் நர்ஸம்மா.

"உன் பேச்சை யாரு கேட்டா? எங்க கதவுல நீ அஞ்சு வட்டம் போட்ட. நான் பெத்தது எட்டு, மூணு தங்கல. எது தங்கும், எது போகும்னு தெரியாமப் பெத்தோம். நீ தடுப்பூசிப் பெட்டியைத் தூக்கிட்டு வந்த, அப்புறம் ஒண்ணும் போகல. போகலைன்னா எட்டு எதுக்கு? பொண்ணுங்களைப் படிக்க வச்சேன். அதுங்க உன்னையும் கேக்கல, என்னையும் கேக்கல."

நர்ஸம்மா திரும்பி நடந்தார். தொண்டை கட்டக் கட்டப் பேசியதற்குச் சான்றிதழ். வேலையைச் செய்தது என்னவோ, கனக்கிறது என்று தினமும் திட்டிக்கொண்டே சுமந்த பெட்டி. சட்டத்தைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகினார். மறுநாள் காலையில் சாக்பீஸை எடுத்துக்கொண்டு மறுபடியும் தெருவில் இறங்கினார். வலிக்கிற முட்டி ஒன்றுக்கு ஒரு வட்டம்.

மேலிடத்துக்குக் கடிதம் போனது. பிரசவ அறை வேண்டாம். அன்று பிள்ளை பெற்றவர்களுக்கு இன்று எழுபது வயது. இந்த ஒரே தெருவில் நூற்றுப்பதினேழு முட்டிகள் வலிக்கின்றன. வாசற்படிக்குக் கைப்பிடியும், சூடு கொடுக்கும் விளக்கு இரண்டும் வேண்டும்; அதைப் போட இருக்கிற நர்ஸே போதும்.

விளக்குகள் வந்தன; கடிதம் எழுதியவர் பாக்கி ஒரு வருடத்தையும் அங்கேயே கழிக்க அனுமதியும் வந்தது. பழைய பிரசவக் கட்டிலில் முதல் ஆளாகத் தையற்காரம்மா ஏறிப் படுத்தார்.

"எந்த முட்டிக்கா?"

"ரெண்டும்தான்."

"ரெண்டோட நின்னுச்சே," என்று நர்ஸம்மா விளக்கைப் போட்டார்.