அத்தை வீட்டுக் கட்டன்

1974 ஜூன் 17, திங்கட்கிழமை, காலை பத்தே கால் மணி. ஏலப்பாறைக்கு மேலே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் ஒன்பதாவது நாளாக மழை. மூன்றாம் வகுப்பிலிருந்து என்னை நான்காவது தடவையாக வெளியே அனுப்பினார்கள். மணி அடித்ததிலிருந்து பதினோரு முறை பெஞ்சை விட்டு எழுந்திருந்தேனாம். எண்ணியவர் வாத்தியார்.

கொழுந்துக் கூடையோடு இறங்கி வந்த அம்மாவிடம் அவர் குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். ஒரு மாதம் பார்ப்பாராம். அதற்குள் பையன் உட்காரப் பழகாவிட்டால் பேரை வெட்டிவிடுவாராம். அங்கே பள்ளிக்கூடம் அது ஒன்றுதான். பேர் வெட்டுப்பட்ட பிள்ளைகள் களை பிடுங்கப் போவார்கள். அப்பா அப்படிப் போனவர். அம்மா என்னை நேரே டிஸ்பென்சரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கம்பவுண்டர் என் நாக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். "காலையில என்ன கொடுத்த?"

"கட்டன் குடிச்சான், ரெண்டு வர்க்கி தின்னான்."

"எத்தனை கிளாஸ் கட்டன்?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. எந்த வாசலில் பிள்ளை நின்றாலும் சீனி போட்ட கட்டன் ஒரு தம்ளர் கைக்கு வரும். பால் இல்லாத அந்தத் தேயிலைத் தண்ணியை வேண்டாம் என்கிற வழக்கமே எங்களிடம் இல்லை. நான் விரல் விட்டுப் பார்த்து, ஆறு என்றேன். வாழ்க்கையில் நான் முதன்முதலாக எண்ணியது அதைத்தான்.

"ரெண்டு வர்க்கிக்கு மேல ஆறு கட்டனை ஊத்திட்டு அனுப்புனா பிள்ளை எங்கம்மா உக்காரும்? தேயிலையை நிறுத்து. காலையில கேப்பக் கஞ்சியும் ஒரு முட்டையும் கொடு. இதுலயே எல்லாம் சரியாயிரும்னு சொல்ல மாட்டேன். ஆனா பசிச்ச பிள்ளை உக்காராது."

மறுநாளிலிருந்து அடுப்பு ஓரத்தில் என்னை உட்காரவைத்து, ஒவ்வொரு வாய்க்கும் இருபது எண்ணச் சொன்னாள். எண்ணுகிற வரை எழுந்திருக்கக் கூடாது. பிறகு ஒன்பது வீட்டுக்கும் போய், என் பிள்ளைக்குக் கட்டன் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். நாமெல்லாம் இதைக் குடித்துத்தானே வளர்ந்தோம் என்று எட்டு வீட்டில் சிரித்தார்கள். அடுத்த வீட்டு அத்தை மட்டும் சிரிக்கவில்லை. அவள் உறவு இல்லை. அம்மாவுக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். சாயங்காலமானால் இரண்டு பேரும் எங்கள் படியில் உட்கார்ந்து ஆளுக்கொரு தம்ளர் குடிப்பார்கள்.

"உம் மகன் வாத்தியாராவான்னா, கெட்டிலையே ஒளிச்சு வைக்கேன், போ மதினி."

ஆறு நாள் தாங்கினேன். தலைவலி வேறு. ஏழாம் நாள் சாயங்காலம் அத்தை வாசலில் போய் நின்றேன். "அத்தை, இன்னைக்கு மட்டும் குடிக்கலாம்னு அம்மா சொல்லிச்சு." நம்பினாள். ஒரு கரண்டி சீனி கூடவே போட்டாள்.

இரண்டு மடக்குதான் குடித்திருப்பேன். அம்மா வந்துவிட்டாள். தம்ளரைப் பிடுங்கி, பத்து வீட்டு வாசலும் பார்க்க, முன்னால் ஓடும் சாக்கடையில் கொட்டினாள். "ஊரே சிரிச்சப்ப நீ ஒருத்தியாவது இருக்கேன்னு நெனச்சேனே!"

அத்தை என்னைப் பார்த்தாள். நான் சொன்ன பொய்யை அவள் சொல்லியிருக்கலாம். எனக்கு விழப்போகும் அடியை நினைத்தாளோ என்னவோ, சொல்லவில்லை. நான் சாக்கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்க வீட்டுத் தண்ணிய சாக்கடையில ஊத்துற அளவுக்கு வந்தாச்சு, இல்ல மதினி?" தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொடுத்த தண்ணியைக் கொட்டினால், உன் வீட்டில் இனி கை நனைக்க மாட்டேன் என்று பொருள். பத்து வீட்டில் அது புரியாதவன் நான் ஒருவன்தான்.

வாத்தியார் சொன்ன ஒரு மாதம் முடிந்தபோது நான் எழுந்திருப்பது மூன்று முறையாகக் குறைந்திருந்தது. பேர் தப்பியது. கஞ்சியாலா, எண்ணியதாலா, சும்மாவே குறைந்ததா, இன்றும் தெரியவில்லை. என் பேரனுக்கும் இதே துறுதுறுப்பு. அதற்கு இப்போது நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. சாப்பாடு மட்டுமே மருந்தாகாது, ஆனால் பசியோடு அனுப்பாதீர்கள் என்கிறார் டாக்டர். கம்பவுண்டர் சொன்னதற்கு மேல் அதிகமில்லை. சாப்பிட்டானா என்று தினமும் மூன்று தடவை போன் செய்கிறேன். மருமகள் இரண்டு தடவைதான் எடுக்கிறாள்.

தீபாவளிக்கு முன்பே அத்தை குடும்பம் வேறு எஸ்டேட்டுக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் அம்மா சாயங்காலங்களில் இரண்டு தம்ளர் ஊற்றுவாள். ஒன்றைப் படியில் உட்கார்ந்து குடிப்பாள். மற்றது ஆறிப்போகும். எழுந்து அதைச் சாக்கடையில் கொட்டுவாள். எண்ணக் கற்றுக்கொண்ட கர்வத்தில் ஒருநாள் திருத்தினேன். "அம்மா, ஒண்ணு கூடுது."

"ஆமாடா, எனக்குக் கணக்கு வராது," என்றாள்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். என் பொய்யைச் சொல்ல அந்தப் படியில் எத்தனை சாயங்காலம் கிடைத்தது என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. நான் பெஞ்சில் உட்காரப் பழக ஆன மொத்தச் செலவு இது: கேப்பை நாலு படி, கோழி இடாத இரண்டு நாள் போக முட்டை இருபத்தெட்டு, அத்தை ஒருத்தி.